உண்டியலில் சேர்ந்த கணினி



மத்ரஸா முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர், சில காலமாக எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். "ஹஜ்ரத், பையன் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். 60, 70 ஆயிரம் ஆகுமாம். கடையில் மாதத் தவணையில் தருகிறார்கள். எடுக்கலாமா?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கணினி விளையாட்டு ஆகுமா என்பது ஒன்று. தவணை ஆகுமா என்பது மற்றொன்று. முதற்கேள்வியைப் பற்றி ஊரே பேசுகிறது. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் அரிது. மகன் திரையில் கார் ஓட்டுவதைக் கண்டு பதறும் தந்தை, அந்தத் திரையை வட்டிக்கு வாங்கியதைப் பற்றிச் சற்றும் பதறாமல் இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

விளையாட்டே கூடாது என்று கருதும் பெரியோர் உள்ளனர். அவர்களுடன் வாதிட இங்கே வரவில்லை. தொழுகையைத் தவறவிடாமை, ஆபாசம் இல்லாமை, சூது கலவாமை, படிப்பையும் உறக்கத்தையும் விழுங்காமை ஆகிய எல்லைகளுக்குள் பிள்ளைகளுக்கு விளையாட இடமுண்டு என்பது எங்கள் நிலை. எங்கள் வீட்டிலும் மகன் கேட்டான். ஹிஜ்ரி 1444 முஹர்ரம் மாதம், அதாவது 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் வாக்கில், உண்டியலில் முதல் ரூபாய் விழுந்தது. 1445 ஷவ்வாலில் அந்தக் கணினி முழுமை பெற்றது. இடைப்பட்ட இருபத்திரண்டு மாதங்களின் கணக்கைப் பிறருக்குப் பயன்படும் என்றெண்ணி எழுதுகிறோம்.

அப்போது மகன் பிளஸ் ஒன் கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தான். அவன் கொண்டுவந்த பட்டியலின் மொத்தம் 65,000 ரூபாய். திருச்சியில் ஒரு கடையில் விசாரித்தபோது, முன்பணம் எதுவும் வேண்டாம், ஆண்டுக்கு 16 விழுக்காடு வட்டியில் பன்னிரண்டு தவணை என்றனர். மாதம் 5,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். ஆண்டு முடிவில் கொடுத்திருப்பது ஏறத்தாழ 70,770 ரூபாய். வட்டி மட்டும் 5,770 ரூபாய். இது வட்டி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்ததை மக்தபு பிள்ளையும் அறியும்.

குழப்பம் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்னும் பெயரில்தான் வருகிறது. "அத்தா, இதில் வட்டியே இல்லை" என்று மகன் விளம்பரத்தைக் காட்டினான். அதன் உள்ளமைப்பைப் பார்ப்போம். கிரெடிட் கார்டு வழியே இத்தகைய தவணை எடுத்தால், வங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது. அந்த வட்டிக்கு ஈடான தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறார். கூட்டிக் கழித்தால் கணக்கு சமமாகத் தெரிகிறது. ஆனால் வங்கியின் அறிக்கையில் வட்டி என்ற வரி தனியே இருக்கும். அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் நாம்தான் கட்டுவோம். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்னும் கருத்தில் ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உலகியல் சட்டமே வட்டி என்று ஒப்புக்கொள்வதை நாம் வேறு பெயரிட்டு அழைப்பது எப்படி?

அதற்காகத் தவணை என்றாலே ஹராம் என்று எண்ணிவிட வேண்டாம். இதை எங்களிடம் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் தம் பொருளை ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடுதலான ஒரு விலை என்று கூறி, இரண்டில் ஒன்றை இருவரும் முடிவு செய்து பிரிந்தால் அது வியாபாரம். ஜித்தாவில் 1990இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இதை ஆகுமென்றே தீர்மானித்தது. ஆனால் தவணை தாமதமானால் தொகை ஏறக்கூடாது. தெருமுனைப் பாத்திரக்கடைக்காரர் நம் தாய்மார்களுக்குக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தாரே, அது இந்த வகை. இன்று கடைகளில் நடப்பது அதுவன்று. கடைக்காரர் ரொக்கத்தை நிதி நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டு விலகிவிடுகிறார். நாம் அந்த நிறுவனத்தின் கடனாளியாகிறோம். கணினிப் பாகங்களைத் தம் சொந்தப் பொறுப்பில் தவணைக்குத் தரும் கடைக்காரர் எவரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் மஹல்லாவில் பைத்துல்மால் உண்டு. வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். அங்கே கேட்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேட்டால் கிடைத்திருக்கும்; ஆகுமானதும்கூட. ஆயினும் மருத்துவச் செலவுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் மனு கொடுத்துவிட்டு வாசலில் காத்திருப்போர் இருக்கையில், விளையாட்டுக் கணினிக்காக அந்த வரிசையில் போய் நிற்க எங்கள் மனம் ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் நடத்தும் குலுக்கல் சீட்டில் சேரலாம் என்றார் பிள்ளைகளின் தாயார். எல்லாரும் ஒரே தொகை கட்டி ஒரே தொகை பெறும் குலுக்கல் சீட்டில் குற்றமில்லை. முன்னதாகப் பணம் வேண்டுபவர் தள்ளுபடி விட்டு எடுக்கும் ஏலச்சீட்டுத்தான் சிக்கலுக்குரியது. எனினும் சீட்டில் சேர்ந்தால் ஒரு மாதமும் தவறக்கூடாது. மத்ரஸா ஊதியத்தில் அந்த உறுதியைப் பிறருக்குக் கொடுப்பது எளிதன்று. ஆகவே ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் துளையிட்டு உண்டியலாக்கினோம். ஊதியத்திலிருந்து 2,000 ரூபாய், தாயாரின் தையல் வருமானத்திலிருந்து 1,000 ரூபாய், ஆக மாதம் 3,000 ரூபாய்.

ரபீஉல் அவ்வல் மாதத்தில் வீட்டில் மருத்துவமனைச் செலவு வந்தது. அம்மாதம் டின்னில் விழுந்தது 500 ரூபாய் மட்டுமே. அடுத்த இரண்டு மாதங்களில் 4,250 ரூபாய் வீதம் போட்டு ஈடுசெய்தோம். எவரும் தொலைபேசியில் அழைத்து மிரட்டவில்லை, அபராதம் ஏறவில்லை. 5,900 ரூபாய்த் தவணை அன்று தலைமீது இருந்திருந்தால் மருந்துக்கடையில் நின்றுகொண்டு எதை எண்ணியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தோம்.

உண்டியல் பணத்துக்கு ஜகாத் உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு பொருளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டதால் பணம் ஜகாத்திலிருந்து விலகிவிடாது. மற்றச் சேமிப்போடு அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ரமலானில் கணக்கிட்டபோது டின்னில் 27,000 ரூபாய் இருந்தது. அதற்குரிய 675 ரூபாயை டின்னைத் தொடாமல் வீட்டுச் செலவிலிருந்து கொடுத்தோம். கணினியாக மாறிவிட்ட பிறகு, சொந்தப் பயன்பாட்டுப் பொருளென்பதால் அதற்கு ஜகாத் இல்லை.

இனி, பாகங்களை வாங்கிய முறை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் மாதாமாதம் சேர்ப்பது என்றதும் பலரும் மாதம் ஒரு பாகம் வாங்கி அலமாரியில் வைப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். மகனும் அப்படித்தான் விரும்பினான். கையில் ஒரு பெட்டியாவது இருந்தால் ஆறுதல் அல்லவா! எங்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞர் முதல் மாதம் கேபினட், அடுத்து மதர்போர்டு, பிறகு ரேம் என்று எட்டு மாதம் வாங்கினார். எல்லாவற்றையும் பொருத்திய நாளில் மதர்போர்டு உயிர்பெறவில்லை. கடையில் மாற்றித்தரும் நாட்கள் எப்போதோ கடந்துவிட்டிருந்தன. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பித் திரும்பப் பெற ஐந்து வாரம் ஆயிற்று. உத்தரவாதக் காலம் ரசீது போட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் உறங்கினாலும் அது உறங்குவதில்லை. அத்துடன் பிராசஸர், எஸ்எஸ்டி போன்றவற்றின் விலை மாதத்துக்கு மாதம் மாறும். எனவே பணத்தைச் சேர்க்க வேண்டும், பாகங்களைச் சேர்க்கக் கூடாது. இயங்கும் அளவுக்குத் தேவையானவற்றை ஒரே நாளில் வாங்கி, அன்றே பொருத்தி, அன்றே சோதித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மேம்படுத்தலாம்.

இதற்கு ஏற்ற வழி ஒன்றைக் கண்டுபிடித்தவன் மகன்தான். விளையாட்டுக் கணினியில் பெருஞ்செலவு கிராபிக்ஸ் கார்டு. அது இல்லாமலேயே படம் காட்டக்கூடிய பிராசஸர்கள் உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி அத்தகையது. ஆறு கோர்கள், உள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் திறன், குளிர்விப்பானும் பெட்டியிலேயே வரும். இதைக் கொண்டு கணினியை இயக்கிவிட்டு, கார்டைப் பின்னொரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். மொத்தத்தையும் பின்னாளில் கணக்கிட்டால், நேரடியாகக் கார்டுடன் வாங்கியவரின் கணினியைவிட இது விளையாட்டில் சற்றுப் பின்தங்கவே செய்யும். ஆயினும் பாதி விலையில் வேலை தொடங்கிவிடுகிறது.

1444 ஷவ்வாலில், பெருநாள் கழிந்த பின், டின்னைத் திறந்தோம். பத்து மாதத்துக்கு 30,000 ரூபாய். மகன் தன் பெருநாள் பணம் 3,500 ரூபாயைக் கொண்டுவந்து வைத்தான். பிராசஸர் 11,500; பி450 வகை மதர்போர்டு 6,000; ரேம் 3,400; 500 ஜிபி எஸ்எஸ்டி 2,700; 550 வாட் எஸ்எம்பிஎஸ் 3,900; கேபினட் 2,900. இவை மட்டும் 30,400 ரூபாய். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லாததால் அதையே திரையாக்கிக்கொள்ளும் வழியும் இல்லை. ஓர் அலுவலகத்தில் கழித்த 19 அங்குல மானிட்டர் 2,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கீபோர்டும் மவுஸும் 800. மீதி 300 ரூபாயில் காந்தமுனை ஸ்குரூ டிரைவர் ஒன்று வாங்கினோம்.

இதில் மூன்று இடங்களில் கவனம் தேவை. ரேமை 16 ஜிபி ஒற்றைப் பட்டையாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமையே கடன் வாங்கி இயங்குவதால், இரண்டு பட்டைகள் இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் வேகம் கூடுகிறது. பி450 மதர்போர்டு பழைய இருப்பாக இருந்தால் 5600ஜி பிராசஸரை அடையாளம் காணாது. கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் காசை மிச்சம் பிடிக்கவே கூடாது. கேபினட்டோடு இலவசமாகக் கிடைப்பதை மாட்டிவிட்டு, பின்னர் 20,000 ரூபாய்க் கார்டை அதன் பொறுப்பில் விடுவது, அறுந்த கயிற்றில் ஆட்டைக் கட்டுவது போலாகும். பின்னாளில் வரவிருக்கும் கார்டையும் கணக்கிட்டுத்தான் அன்றே 550 வாட் எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் கூடத்தில் பாய் விரித்துப் பொருத்தினார்கள் பிள்ளைகள். அந்தப் பிராசஸரின் அடியில் ஊசிமுனை போன்ற கால்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒன்று வளைந்தாலும் 11,500 ரூபாய் போயிற்று. மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்து, அழுத்தாமல், தானே அமரும்படி வைக்க வேண்டும். மகன் பிஸ்மி சொல்லி வைத்தான். மகள் விளக்குப் பிடித்தாள். மின்சாரம் கொடுத்தபோது விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே நின்றது. வீட்டில் யாரும் பேசவில்லை. மகன் ரேமைக் கழற்றி, 'டக்' என்று ஒலி கேட்கும்வரை மறுபடி அழுத்தினான். திரை ஒளிர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

அன்றிரவு சாப்பாட்டின்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்த மகள் கேட்டாள்: "அத்தா, இந்தக் கம்ப்யூட்டர் அண்ணனுடையதா, வீட்டுடையதா?"

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் ஹதீஸ் பாடம் நடத்தும் எங்களுக்கு உணவு தொண்டையில் நின்றது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கியதும், அவருடைய தாய் அம்ரா பின்த் ரவாஹா (ரலி), அல்லாஹ்வின் தூதரைச் சாட்சியாக்கினாலன்றி இதற்கு உடன்படேன் என்று நின்றதும், உம் பிள்ளைகள் அனைவருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதும், இல்லை என்றதும் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி அறிவுறுத்தியதும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லும் செய்தி, சோற்றுத்தட்டின் எதிரில் வந்து அமர்ந்துகொண்டது.

அடுத்த சில நாட்கள் இதையே பேசினோம். பள்ளிவாசலில் ஒருவர், "ஆணுக்கு இரு பங்கு அல்லவா, ஹஜ்ரத்? மகளுக்குப் பாதி கொடுத்தால் போதுமே" என்றார். அது வாரிசுரிமை, இறந்தபின் பங்கிடுவது. வாழும்போது கொடுக்கும் அன்பளிப்பில் ஆண், பெண் என்ற வேறுபாடின்றிச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்பதே ஹனஃபி, ஷாஃபியீ, மாலிகி அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. சமமாகக் கொடுப்பது விரும்பத்தக்கதா கட்டாயமா என்பதில் அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஹன்பலி மத்ஹபில் வாரிசுரிமை விகிதத்தைக் கொள்வோரும் உள்ளனர். கடையில் மிட்டாய் வாங்கும்போது இருவருக்கும் ஒன்றென எண்ணி வாங்கும் நாம், தொகை பெரிதாகும்போது மட்டும் வாரிசுரிமைச் சட்டத்தை நினைவுகூர்வது எங்களுக்கு விளங்கவில்லை.

"முப்பதாயிரத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டோம் என்றால் அவளுக்கும் முப்பதாயிரம் கொடுக்க வேண்டும். வீட்டுப் பொருள் என்றால் இருவருக்கும் சம நேரம் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று சொல்லுங்கள்" என்று பிள்ளைகளின் தாயார் நேராகக் கேட்டார். கணக்குக் குறிப்பேட்டில் எழுதினோம்: கணினி வீட்டுடையது. மகனின் 3,500 ரூபாய் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். மஃரிபுக்குப் பின் அவளுக்கு ஒரு மணி நேரம், அவனுக்கு ஒரு மணி நேரம். இடம் கூடம், அறைக்குள் போகாது. இஷாவுக்குப் பின் இயங்காது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது; பிள்ளைகளுக்குத் தர வேண்டிய சில ஆயிரங்களையும் எழுதிவைப்பதில் வெட்கமில்லை.

அவளுடைய ஒரு மணி நேரத்தில் அவள் செய்தது விளையாட்டு அன்று. 'கிருட்டா' என்னும் இலவச வரைகலை மென்பொருளில் மருதாணிக் கோலங்களை வரைந்தாள். மவுஸைப் பிடித்துக்கொண்டு வளைவுகளை வரைய அவள் பட்ட பாட்டைப் பார்த்தோம்.

மென்பொருள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணினிப் பட்டியல் போடுவோர் அனைவரும் இரும்பை மட்டுமே எழுதுகிறார்கள். விண்டோஸ் உரிமம் பத்தாயிரம் ரூபாய்க்கு நெருக்கமாக வரும். அந்த வரியைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. ஏனென்றால் யாரும் வாங்குவதில்லை. கடையில் "போட்டுத் தருகிறேன்" என்பார்கள். பையன்கள் "கிராக்" என்பார்கள். வட்டியைத் தவிர்க்கப் பத்து மாதம் காத்திருந்துவிட்டு, பிறர் உழைப்பைக் கேட்காமல் எடுத்து அதன்மேல் ஓட்டுவதில் என்ன பொருள்? எழுத்தாக்கம், கண்டுபிடிப்பு முதலியவற்றின் உரிமை அதன் உடையவருக்கே உரியது, அதில் அத்துமீறுதல் கூடாது என்று அதே ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் தீர்மானித்திருக்கிறது. இதை மகனிடம் கூறியபோது அவன் முகம் வாடியது. அவன் நண்பர்கள் ஆடும் 'வேலரண்ட்' விண்டோஸில்தான் ஓடும், லினக்ஸில் ஓடாது. இரண்டு நாள் யோசித்தான். பிறகு உபுண்டுவை நிறுவினான். லினக்ஸிலேயே நேரடியாக ஓடும் விளையாட்டுகள் உண்டு. விண்டோஸுக்கென எழுதப்பட்ட பலவும் ஸ்டீம் தரும் 'புரோட்டான்' வழியே ஓடுகின்றன. செக் நாட்டு நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்பதைத் தள்ளுபடி நாளில் காசு கொடுத்து வாங்கினான். ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் சரக்குலாரி ஓட்டுவதுதான் ஆட்டம். லாரி ஓட்டுநரான அவன் மாமா வந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சுங்கச்சாவடியில் யாரும் திட்டவில்லையே, இது எப்படி லாரி ஓட்டுவது ஆகும்?" என்றார்.

காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் உள்ள விளையாட்டுகளுக்கு மட்டும் வீட்டில் இடமில்லை என்று முதல் நாளே கூறிவிட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பணம் கட்டுவதற்கு வேறு பெயர் தேவையில்லை. பெல்ஜியம் 2018இல் இவற்றைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. முஸ்லிம் நாடு அன்று.

இனி இருந்தது கிராபிக்ஸ் கார்டு. இது முழுக்க விளையாட்டுக்கானது. வீட்டுப் பொருள் என்ற பெயரில் இதை வாங்க முடியாது. ஆகவே துல்கஃதா முதல் மாதம் 1,000 ரூபாய் மகனுக்கு, 1,000 ரூபாய் மகளுக்கு என்று இரண்டு டின்கள் வைத்தோம். தாயாரின் 1,000 ரூபாயில் முதல் மூன்று மாதம் யுபிஎஸ்ஸுக்குப் போயிற்று. எங்கள் தெருவில் மின்சாரம் போகும் அழகுக்கு அது கார்டைவிட முதன்மையானது. நான்காம் மாதம் முதல் அந்தப் பணம் அவருக்கே. "இனி என் டின்" என்றார்.

மாதம் ஆயிரம் வீதம் வந்தால் 21,500 ரூபாய்க் கார்டுக்கு மகன் எப்போது சேர்ப்பான்? கணினியே வழி காட்டியது. அருகிலிருந்த டிடிபி கடைக்காரருக்குத் தமிழ்த் தட்டச்சுக்கு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்துக்கு 20 ரூபாய். பிளஸ் டூ ஆண்டு என்பதால் வெள்ளியும் சனியும் மட்டுமே அனுமதித்தோம். வழக்குரைஞர் மனுக்கள், திருமண அழைப்பிதழ்கள், ஒரு தர்காவின் கந்தூரி வரவுசெலவு என்று பத்து மாதத்தில் 375 பக்கங்கள் தட்டினான், 7,500 ரூபாய். தன் நேரத்தில்தான் தட்டினான். தங்கையின் ஒரு மணி நேரத்தை ஒருமுறை 10 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறான். அவள் 20 கேட்டாள், பேரம் படியவில்லை.

தேர்வுகள் முடிந்து, 1445 ரமலானும் கழிந்து, ஷவ்வாலில் அவன் டின்னைத் திறந்தான். வீடு கொடுத்த 10,000, தட்டச்சில் 7,500, கணினியில் போட்டதற்காக நாங்கள் திருப்பிக் கொடுத்த 3,500, பெருநாள் பணத்தில் 500. ரேடியான் ஆர்எக்ஸ் 6600 வந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 65,000 ரூபாய்ப் பட்டியலில் பெரிய மானிட்டர் மட்டும் இன்னும் வாங்கப்படவில்லை. 19 அங்குலத்தில்தான் லாரி ஓடுகிறது. இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் விளையாடினால் நாளுக்கு அரை யூனிட், இரு மாத மின்கட்டணத்தில் 30 யூனிட் என்று அவனே கணக்கிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறான். நமது மாநிலத்தில் இரு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், கோடை மாதங்களில் அந்தத் தாள் எங்களுக்கும் பயன்படுகிறது.

மகளின் டின்னிலும் 10,000 ரூபாய் இருந்தது. வரைவதற்கான பேனாப் பலகை ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினாள். மருதாணிக் கோலங்களை அச்சிட்டுப் பெருநாளுக்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு விற்கலாமா என்று தாயாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். எஞ்சிய 5,500 ரூபாயை என்ன செய்யப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.